ஊர்லயே கண்டுபிடிக்க ஆள் இருக்கு... கற்றுக்கொடுக்க ஆள் எங்கே? குழந்தை வளர்ச்சி நிபுணர்களும் நெல்லை நிலவரமும்

உதாரணத்துக்கு ஒரு வீடு. தாமிரபரணிக் கரையில், முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு இரண்டரை வயது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றிரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தான், இப்போது அதுவும் நின்றுவிட்டது. பீடித் தட்டை மடியில் வைத்தபடி அம்மா கவலைப்படுகிறார். ஆச்சி சொல்வது ஒன்றுதான்: "ஏளா, அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாய் தொறந்தான். போகப் போகச் சரியாயிரும்."

தாமதமாகப் பேசும் குழந்தைகள் சிலர் தானாகவே சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் பேசிய வார்த்தை நின்றுபோவது காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. இதைப் பார்த்துச் சொல்ல யாரிடம் போவது? சொன்ன பிறகு வாராவாரம் பயிற்சி தருவது யார்? அந்தப் பயிற்சி தருபவருக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். குழந்தை வளர்ச்சி, நடத்தை சார்ந்த சிகிச்சையில் நிபுணர்களை உருவாக்குவது எப்படி, அதில் நெல்லை, தென்காசி பகுதி எங்கே நிற்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இது எத்தனை குழந்தைகளோட பிரச்னை?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, கவனக்குறைவுடன் கூடிய அதீத துறுதுறுப்பு எனப்படும் ஏடிஹெச்டி, கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழித் தாமதம், செவித்திறன் குறைபாடு. இவற்றை மருத்துவ உலகம் நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகள் என்ற ஒரே குடையின் கீழ் வைக்கிறது.

இந்தியாவில் 5 இடங்களில் கிட்டத்தட்ட 4,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி, 2 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.2 சதவீதம் பேருக்கும், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 13.6 சதவீதம் பேருக்கும் இத்தகைய குறைபாடுகளில் ஒன்றாவது இருக்கிறது. ஆய்வு நடந்த இடங்களில் தமிழ்நாடு இல்லை, இடத்துக்கு இடம் எண்ணிக்கையும் மாறியது. ஆனாலும் இது அபூர்வமான நோய் இல்லை என்பது தெளிவு. 40 பேர் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பில் நாலைந்து குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் சீக்கிரம் பார்க்கணும்?

மூளை வேகமாக வளர்வது பிறந்த முதல் சில ஆண்டுகளில். அப்போது கிடைக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். கை, கால் இறுகிப்போகும் குழந்தைக்கு உட்காரும் விதத்தைச் சரிசெய்யாமல் விட்டால், பின்னாளில் எலும்பும் மூட்டும் கோணும். காது கேட்காத குழந்தைக்குக் கருவி தாமதமானால் மொழியும் தாமதமாகும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தன் தேவையைச் சொல்ல ஒரு வழி கற்றுக்கொடுக்காவிட்டால், அது அழுகையாகவும் அடமாகவும் தலையை முட்டிக்கொள்வதாகவும் வெளிப்படும். அக்கம்பக்கத்தில் அதற்கு "சேட்டை" என்று பெயர். பள்ளியில் "ஒழுங்கீனம்" என்று பெயர்.

இந்தக் குறைபாடுகளில் பலவற்றை முழுவதுமாக "குணப்படுத்த" மருந்து கிடையாது. பயிற்சிதான் சிகிச்சை. அதனால்தான் இங்கே மருந்துக் கடையைவிட, பயிற்சி பெற்ற ஆள் முக்கியம்.

நெல்லையில் இப்போ என்ன வசதி இருக்கு?

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம், அதாவது ஆர்பிஎஸ்கே திட்டம்தான் அடித்தளம். பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிவது இதன் வேலை. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும்.

சந்தேகத்துக்குரிய குழந்தைகளை அடுத்து அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம். சுருக்கமாக டிஇஐசி. தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ஒட்டியே இயங்குகின்றன. நெல்லைக்காரர்களுக்கு அது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் வளாகம். ஒரு டிஇஐசி-யில் குழந்தை நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புப் பயிற்றுநர், கண் பரிசோதகர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்கிறது திட்ட வழிகாட்டுதல்.

பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். இதுபோக உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன.

திட்டம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. சிக்கல் தூரத்தில் தொடங்குகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு முக்கூடலில் இருந்தோ, பாபநாசத்தில் இருந்தோ, ராதாபுரத்தில் இருந்தோ ஹைகிரவுண்டுக்கு வர வேண்டும். பஸ் மாறி வந்து, காத்திருந்து, முக்கால் மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அம்மாவுக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. ஒரு முறை வருவார், இரண்டு முறை வருவார். வாராவாரம் வர முடியுமா?

ஆய்க்குடி காட்டிய வழி என்ன?

இந்தக் கேள்விக்கு இதே பகுதியில் ஒரு பதில் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுப் படுகையில் உள்ள ஊர் ஆய்க்குடி. அங்கே இயங்குகிறது அமர் சேவா சங்கம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இது நெல்லை மாவட்டம்தான்.

இதைத் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விபத்தில் சிக்கி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாக 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தசைச் சிதைவு நோயுடன் வாழும் எஸ்.சங்கரராமன் 90-களின் தொடக்கத்தில் அவருடன் இணைந்தார்.

இங்கே குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியில் என்ன புதுமை? குழந்தையை மையத்துக்கு வரச் சொல்வதற்குப் பதில், பயிற்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களையே சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். இவர்கள் வீடு தேடிச் சென்று குழந்தைக்குப் பயிற்சி தருவார்கள், அம்மாவுக்கும் ஆச்சிக்கும் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள். சோறு ஊட்டும்போது எப்படி உட்கார வைப்பது, குளிப்பாட்டும்போது எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அன்றாட வேலையோடு சேர்த்தே பயிற்சி நடக்கும்.

இந்தப் பணியாளர்களுக்குப் பின்னால் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வி நிபுணர் அடங்கிய குழு நிற்கிறது. 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் குழந்தையின் முன்னேற்றம் பதிவாகிறது. அதைப் பார்த்து நிபுணர்கள் அடுத்த இலக்கை முடிவு செய்கிறார்கள்.

அப்போ சிக்கல் எங்கே?

இந்த ஏற்பாட்டை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள்: "நிபுணர் தேவையில்லை, ஊர்க்காரருக்கு நாலு நாள் டிரெயினிங் கொடுத்தாப் போதும்." அது தவறான பாடம்.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தெரபிஸ்ட் நாளைக்கு 8 குழந்தை வீதம் வாரம் 5 நாள் பார்த்தால், வாரத்துக்கு 40 குழந்தைகள். அதே தெரபிஸ்ட் தலா 25 குழந்தைகளைக் கவனிக்கும் 8 பணியாளர்களுக்கு வழிகாட்டினால், பயன்பெறுவது 200 குழந்தைகள். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் அந்த ஒரு தெரபிஸ்டை எடுத்துவிட்டால் 200-ம் ஆட்டம் காணும். எந்தப் பயிற்சி பலன் தரவில்லை, எப்போது மாற்ற வேண்டும், எந்தக் குழந்தைக்கு வலிப்பு வருகிறது, யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தரும் 'பாஸ்' என்ற ஆய்வு கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. முடிவுகள் 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தன. பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்ல, சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். குழந்தையின் போக்கறிந்து பதில் தரும் திறன் பெற்றோரிடம் கூடியது, குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. ஆனால் அந்தப் பணியாளர்களுக்குப் பின்னால் தொடர்ந்து மேற்பார்வை செய்த நிபுணர்கள் இருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனமும், பெற்றோருக்காக 9 குழு வகுப்புகள், 3 வீட்டுச் சந்திப்புகள் கொண்ட ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியிருக்கிறது. அதையும் சாதாரணப் பணியாளர் நடத்தலாம். ஆனால் அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். ஆக, கீழ்மட்டத்தில் ஆள் கூடக் கூட, நடுவில் இருக்கும் நிபுணரின் தேவையும் கூடுகிறது.

இந்த நிபுணராக எங்கே படிக்கணும்?

மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ், அதன்பின் குழந்தை நலத்தில் 3 ஆண்டு எம்டி, அதற்கும் மேல் வளர்ச்சி சார்ந்த தனிப் பயிற்சி. வேலூர் சிஎம்சி-யில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம்.கே.சி.நாயர் உருவாக்கிய குழந்தை வளர்ச்சி மையம் இந்தத் துறையில் முன்னோடி. குழந்தையின் வளர்ச்சியைச் சில நிமிடங்களில் சோதிக்க உதவும் 'திருவனந்தபுரம் அட்டவணை' அங்கே பிறந்ததுதான். நெல்லையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர். குழந்தைகள் மனநலத்தில் உயர் படிப்புக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது.

தெரபிஸ்டுகள், சிறப்புக் கல்வியாளர்களுக்கு சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நெல்லையில் இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருவர் சென்னையில் ஸ்பீச் தெரபி படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்ததும் அங்கேயே தனியார் மையத்தில் வேலை, கூடுதல் சம்பளம். வெளிநாட்டு வாய்ப்பும் வரும். ஊரில் காத்திருப்பது பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். அவர் திரும்பி வருவாரா? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பி வர ஒரு காரணத்தை ஊர் வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயம், மொழி. குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி என்றால் வீட்டில் பேசும் தமிழில்தான் தொடங்க வேண்டும். ஆச்சி, ஏளா, வாளி, கொடுக்காப்புளி என்று குழந்தை காதில் விழும் சொற்களை அறிந்தவர் தரும் பயிற்சிக்கும், படம் போட்ட ஆங்கில அட்டையை வைத்துத் தரும் பயிற்சிக்கும் வித்தியாசம் உண்டு.

வெளிநாட்டில் நிலைமை எப்படி?

அமெரிக்காவில் 'வளர்ச்சி மற்றும் நடத்தை சார்ந்த குழந்தை மருத்துவம்' தனிப் பிரிவாக 1999-ல் அங்கீகாரம் பெற்றது. முதல் தகுதித் தேர்வு நடந்தது 2002-ல்தான். குழந்தை மருத்துவம் முடித்தவர்கள் கூடுதலாக 3 ஆண்டு பயிற்சி பெற வேண்டும். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலும் இந்த நிபுணர்களுக்குப் பற்றாக்குறைதான், காத்திருப்புப் பட்டியல் நீளம்தான்.

அங்கே உதவிய ஒரு வழி 'எக்கோ'. நியூ மெக்சிகோ மாகாணத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ல் தொடங்கியது. நோயாளி நகரத்துக்குப் போக வேண்டாம், சிற்றூர் மருத்துவர் வாரம் ஒரு முறை வீடியோவில் நிபுணர் குழுவிடம் தன் நோயாளியைப் பற்றிப் பேசுவார், எல்லோரும் சேர்ந்து கற்பார்கள். இதே முறை பின்னர் ஆட்டிசத்துக்கும் வந்தது. எக்கோ இந்தியாவிலும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு இரண்டும் அதில் உண்டு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. அதற்கான பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. இவ்வளவு பேரைப் பணியில் வைக்க வேண்டுமானால், முதலில் அவ்வளவு பேரைப் படிக்க வைக்க வேண்டும்.

தீர்வு நெல்லையிலேயே இருக்கா?

தேவையான துண்டுகள் எல்லாம் இங்கே கிடக்கின்றன, கோர்க்கத்தான் ஆள் வேண்டும்.

- மருத்துவக் கல்லூரி: குழந்தை நலத்தில் எம்டி படிப்பவர்களுக்கு டிஇஐசி-யில் சில வாரங்கள் கட்டாயப் பயிற்சி. ஓபி-யில் தடுப்பூசிக்கு வரும் குழந்தையையும் அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.
- ஆய்க்குடி அனுபவம்: வீட்டுப் பயிற்சியும் மேற்பார்வையும் எப்படி நடக்கிறது என்பதை, தெரபி படிக்கும் மாணவர்கள் களத்திலேயே தங்கிக் கற்கலாம். மருத்துவமனை அறைக்குள் கிடைக்காத பாடம் அது.
- தொலைவழிப் பயிற்சி: முட்டுக்காடு, வேலூர், திருவனந்தபுரம் நிபுணர்கள் எக்கோ முறையில் வாரம் ஒரு மணி நேரம் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பணியாளர்களுடன் பேசலாம்.
- வேலை உத்தரவாதம்: உள்ளூர் மாணவர்களுக்கு உதவித்தொகை, படித்து முடித்தால் சொந்த மாவட்டத்தில் நிரந்தரப் பணி. இது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் அடுத்த ஊருக்கு ஆள் தயாரிக்கும் வேலையாகவே முடியும்.

சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளுக்காக 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்ட ஊர் பாளையங்கோட்டை.

பெற்றோர் என்ன கவனிக்கணும்?

- ஒரு வயது ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை
- 9 மாதம் தாண்டியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை
- ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை
- இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை
- எந்த வயதானாலும், ஏற்கெனவே தெரிந்த சொல்லோ செயலோ மறைந்துபோகிறது

இதில் ஒன்று இருந்தாலும் அது நோய் என்று அர்த்தம் இல்லை, காட்டிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் டிஇஐசி-க்கு அனுப்புவார்கள். சேவை இலவசம்.

தனியார் மையத்துக்குப் போகிறவர்கள், ஸ்பீச் தெரபிஸ்ட், மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம். பதிவு இல்லாமல் தொழில் செய்வது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "மூணு மாசத்துல ஆட்டிசத்தைக் குணப்படுத்துறோம்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டும்.

முக்கூடல் பையனுக்கு இப்போது இரண்டரை வயது. ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் படித்து முடிக்க நான்கு ஆண்டு. இன்றைக்கே ஒருவரைக் கல்லூரியில் சேர்த்தாலும், அவர் பட்டம் வாங்கும்போது இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அவனுக்கு இப்போதைக்குக் கைகொடுக்கக் கூடியது வீடு தேடி வரும் பணியாளரும், அவருக்குப் பின்னால் போனில் கிடைக்கும் ஒரு நிபுணரும்தான். அடுத்து பிறக்கப்போகும் குழந்தைக்கும் இதே பதிலைச் சொல்லப்போகிறோமா என்பது, இந்த ஆண்டு எத்தனை பேரைப் படிக்க வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.